தெருவைக் கூட்டிக்கொண்டு ஓடியவள்

தங்கபுஷ்பம் கால் முறிந்து கிடந்து, எழுந்து உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி நடந்து, ஒருவழியாக மறுபடி ஓடத் தொடங்கிய அன்று எங்கள் தெருவும் அவளோடு ஓடத் தொடங்கியது.

அதை முதலில் கண்டுகொண்டது எதிர்வீட்டு அமிர்தக்கனி. விடிந்தும் விடியாத நேரத்தில் அடுப்பில் வைத்த பால் சட்டிக்குள் இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, அடுப்புக்கு அண்டக்கொடுக்க ஓட்டுத்துண்டு ஏதாவது கிடைக்குமா என்று வாசலுக்கு வந்தவள், தெருமுனையில் எந்நாளும் தெரிகிற தண்ணீர்த் தொட்டியைக் காணாமல், அது நின்ற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சூரியகாந்திக் காடு விரிந்து கிடப்பதைக் கண்டாள். தெருவின் நடுவில் தங்கபுஷ்பம் ஓடிக்கொண்டிருந்தாள். வேர்த்து ஊற்ற, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி, இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டேயிருந்தாளே ஒழிய, அமிர்தக்கனி வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை.

"எம்மா புஷ்பம், எங்கம்மா போய்க்கிட்டிருக்கோம்?" என்று கேட்டாள் அமிர்தக்கனி.

"எட்டயபுரம் ரோட்டுல, மதினி."

"அப்பம் சரி. அடுப்புல பால் இருக்கு, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

கோவில்பட்டியில் பழைய தீப்பெட்டி ஆபீஸ் தெரு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஒருபக்கம் வேம்பும் ஒருபக்கம் சாக்கடையுமாக, நீளமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் உள்ள தெரு. அந்தத் தெரு அன்றைக்கு வீடுகளோடும் வேம்போடும் செல்லப்பாண்டி அண்ணாச்சியின் டீக்கடையோடும் கிளம்பிப் போய்விட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. போன வழியில் ஒரு செடி சாயவில்லை, ஒரு வரப்பு உடையவில்லை. கரிசல் காடு ஒதுங்கி வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. மின்கம்பி தேவைக்குத் தகுந்தபடி நீண்டு கொடுத்தது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் வந்தது, வராத நாளில் வரவில்லை, அது எங்களுக்கு எப்போதும் உள்ளதுதான். தெரு இல்லாத நேரத்தில் அது இருந்த இடம் பொட்டலாகக் கிடக்க, பக்கத்துத் தெரு ஆடுகள் வந்து மேய்ந்தன. திரும்பி வரும் சத்தம் கேட்டதும் அவையே எழுந்து விலகிக்கொண்டன.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் போக வேண்டியிருந்தது.

தங்கபுஷ்பத்தின் ஓட்டம் எங்களுக்குப் புதிதில்லை. கல்லூரியில் படிக்கிற காலத்தில் பத்தாயிரம் மீட்டரில் மாவட்டத்துக்காக ஓடினவள். நயினாருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தபின் ஓட்டத்தை நிறுத்தினாள், அல்லது அது தானாக நின்றது. நயினாருக்குத் தெருவிலேயே லாரி பார்சல் புக்கிங் ஆபீஸ். அவளுக்கு வீட்டில் ஒரே மகள், மாமியார், மாமனார், அவர்களுடைய நோய்கள். மாமியாரும் மாமனாரும் போய்ச் சேர்ந்து, மகளும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு, நாற்பது தாண்டிய வயதில் ஒருநாள் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக வாசலில் வந்து நின்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் ஓடினாள். எட்டயபுரம் சாலையில் ஒரு சின்னப் பாலம் உண்டு, ஓடைக்குக் குறுக்கே கட்டியது, ஓடையில் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வீடு தெரியாது. அதுவரை ஓடி, அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். அங்கே அவள் யாருக்கும் மதினி இல்லை, யார் சம்சாரமும் இல்லை, தன் மூச்சுச் சத்தம் அடங்குவதைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அத்தனை தூரம் ஓடினாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அப்படி ஓடிய ஒரு காலையில்தான் பின்னால் வந்த மினி லாரி ஒன்று அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. தொடை எலும்பு முறிந்து முழங்கால் சிதறி, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வெகுநேரம் கிடந்தாள். பால்வண்டிக்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கிவந்தார். தகடும் திருகாணியும் வைத்துக் காலை ஒட்டிய டாக்டர், "நடந்தாலே பெரிய விஷயம்மா. இந்த வயசுல ஓட்டமெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்.

அவள் கட்டிலோடு கிடந்த காலத்தில் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. வைக்க நாங்கள் விடவில்லை. நயினாருக்கு வெந்நீர் போடத் தெரியும், அதற்குமேல் தெரியாது. ஆகவே வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு சோறும் குழம்பும் இட்லியும் உளுந்தங்களியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அமிர்தக்கனி முறையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை, மகன் துபாயில். அவள் பாதிநாள் எதிர்வீட்டிலேயே கிடந்து, புஷ்பத்தைத் துடைத்து, தலைவாரி, கட்டிலுக்கடியில் பாத்திரம் வைத்து எடுத்து, பெற்றவள்கூட முகம் சுளிக்கிற வேலையையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருவில் அடுத்த வீட்டிலிருந்து பண்டம் வந்த ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. குழம்பு வந்த தூக்குச்சட்டியில் பதிலுக்கு நாலு முறுக்காவது, அதுவும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் ஏனத்தைக் கொடுத்தால், உன் வீட்டுச் சோறு போதும், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். கட்டிலில் கிடக்கிறவள் எதைப் போட்டுக் கொடுப்பாள்? நயினாருக்கு வெறும் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வெட்கம். நாங்களும் கேட்கவில்லை, கேட்டால் பதிலுக்கு எதையாவது கொடு என்று கேட்டதுபோல் ஆகிவிடும். எனவே எங்கள் தூக்குச்சட்டிகளும் போணிகளும் சம்படங்களும் அவள் வீட்டு அடுப்படியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன. நாங்கள் வேறு வாங்கிக்கொண்டோம்.

இனி, தெரு ஓடத் தொடங்கிய பிறகு நடந்ததைச் சொல்கிறோம்.

சாலையின் மேடுபள்ளம் எங்களுக்குப் பழகிப்போனது. அவள் முழங்கால் வலிக்கிற நாளில் தெரு இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். கட்டில் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தோம். சாமி படங்களைக் கூடுதலாக ஓர் ஆணி அடித்து மாட்டினோம். விடியற்காலையில் அவள் ஷூச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அடுப்படிக்குப் போய்ப் பால்சட்டியைப் பிடித்துக்கொள்வது வழக்கமானது. சீக்கிரமே அதில் உள்ள வசதியும் தெரிந்துபோனது. மேலவீட்டு மருமகளுக்கு இடுப்புவலி கண்ட அன்று ஆட்டோ தேடவில்லை. "புஷ்பக்கா, பெரியாஸ்பத்திரி பக்கமா கொஞ்சம் ஓடுங்களேன்" என்றார்கள். அவள் ஓடினாள், தெரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பெண் பார்க்க வருகிறவர்களைக் காக்க வைக்காமல் தெருவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வந்தது. ஆடி கடைசி வெள்ளிக்கு வீட்டைப் பூட்டாமலே இருக்கன்குடிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தோம். அந்தத் தூரம் ஓடியதில் முழங்கால் வீங்கிப் புஷ்பம் நான்கைந்து நாள் படியிறங்கவில்லை.

அதற்கு நாங்கள் வருத்தப்படாமல் இருப்போமா? ஆட்டுக்கால் சூப் போனது, நாட்டுக்கோழி முட்டை போனது, நல்லெண்ணெயும் பூண்டும் காய்ச்சிய தைலம் போனது. எல்லாம் ஏனங்களில்தான் போயின. செல்லப்பாண்டி அண்ணாச்சி டீக்கடையில் நின்று, "அது இப்ப புஷ்பத்துக் காலு மட்டும் இல்லப்பா. தெருக்காலு. நாமதான் பாத்துக்கிடணும்" என்று சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம்.

அதன்பிறகு அவள் நினைத்த நேரத்தில் ஓட முடியாமல் போனது. "இன்னைக்கு ஓடாத தாயி, சுவத்துல பூச்சு ஈரமா இருக்கு" என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். "மாவு பொங்கிக்கிட்டிருக்கு, ஆட்டிக்கீட்டிப் போடாத" என்று இன்னொரு வீட்டில். "மகனுக்கு ஆன்லைன்ல பரீட்சை, சிக்னல் போயிரும்" என்று வேறொரு வீட்டில். வேகமாக ஓடினால் குழந்தை பயந்து அழுதது. மெதுவாக ஓடினால் டியூட்டிக்கு நேரமானது. நயினார்கூட, "பார்சல்ல கண்ணாடிச் சாமான் இருக்கு, இன்னைக்கு மட்டும் நடந்துக்கயேன்" என்றார். நடந்தால் தெரு அசையாது, ஓடினால்தான் வரும். பாலம்வரை அவள் எத்தனையோ முறை ஓடிவிட்டாள். ஒவ்வொரு முறையும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரில் டீக்கடை, பக்கத்தில் அமிர்தக்கனி வீட்டுக் கொடியில் காயும் பாவாடை, கைக்கெட்டும் தூரத்தில் யாராவது ஒருவர் பல்விளக்கியபடி, "என்ன புஷ்பம், இன்னைக்கு மூச்சு ரொம்ப வாங்குது?" என்று கேட்பார். ஓட ஓட அவளுக்கு மூச்சு முட்டியது. ஓட்டத்தால் இல்லை, எங்களால்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். எட்டயபுரம் தாண்டி முன்பின் தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பனைகளுக்கு நடுவே போகும் மண்சாலையில் கொஞ்சதூரம் நடந்து, சுற்றிலும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஓடத் தொடங்கினாள். நாலு எட்டு வைத்திருக்க மாட்டாள்.

"எம்மா, சொல்லிட்டுக் கிளம்பக் கூடாதா? அரிசி களைஞ்ச தண்ணி பூராவும் மேல கொட்டிட்டு" என்ற அமிர்தக்கனியின் குரல் காதருகே கேட்டது.

புஷ்பம் அங்கேயே புழுதியில் உட்கார்ந்து அழுதாள். தெருமொத்தமும் கூடிவிட்டது. கால்தான் வலிக்கிறது என்று நினைத்து ஒருவர் தைலம் கொண்டுவந்தார், ஒருவர் ஐஸ்கட்டி கொண்டுவந்தார், செல்லப்பாண்டி அண்ணாச்சி சர்க்கரை கூடுதலாகப் போட்டு டீ கொண்டுவந்தார். அத்தனை பேர் பரிவாகச் சூழ்ந்து நிற்கும்போது ஒருத்தி எதைச் சொல்லி அழுவாள்? டீயைக் குடித்துவிட்டு எழுந்து, எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வீடுவரை ஓடி வந்து சேர்ந்தாள்.

அந்த மாதத்தில்தான் செல்லப்பாண்டி அண்ணாச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பலகாரம் அடுக்க அவருக்குப் பெரிய சம்படம் வேண்டியிருந்தது, அது புஷ்பம் வீட்டில் இருந்தது. கூச்சத்தோடு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. அவசரம். நீ ஒண்ணும் போட வேண்டாம், அப்படியே குடு."

"ஒரு நிமிசம் இருங்கண்ணாச்சி, வாழைப்பழமாவது வச்சுத் தாரேன்" என்று அவள் உள்ளே போவதற்குள் அவரே அடுப்படியில் நுழைந்து, சம்படத்தை உருவி எடுத்து, வெறுமனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தெரு பாலத்தருகே போய் நின்றபோது டீ குடிக்க வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். டீக்கடையைக் காணோம். கடை இருந்த இடத்தில், விழுந்த பல்லின் இடம்போல, ஒரு சந்து தெரிந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் காடு. புஷ்பம் வெகுநேரம் அந்தச் சந்து வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது, பொட்டல் நடுவில் ஆடுகள் சூழத் தன் கடையோடு தனியாக நின்றிருந்தார் அண்ணாச்சி.

"அடுப்பப் பத்தவச்சிட்டு நிமிந்து பாக்கேன், நானும் கடையும் ஆடுந்தான் இருக்கோம். ஒரு மனுசர் இல்ல. ஒரு வார்த்த சொல்லாம அம்புட்டுப் பேரும் போயிட்டீகளே" என்று கண்கலங்கினார்.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவர் அந்தச் சம்படம் நிறையக் கருப்பட்டி மிட்டாயை வைத்துப் புஷ்பம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் டீக்கடை பழையபடி எங்களோடு வந்தது.

அவள் வீட்டில் யார் ஏனம் இருக்கிறதோ அவர்கள் வீடுதான் அவளோடு ஓடும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இன்னொரு ஏனம் அவள் வீட்டுக்குப் போனது. பழையது எங்கேயாவது நசுங்கி ஓட்டை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு முன்யோசனைதான். பருப்புப்பொடி, அவல், அதிரசம், பனங்கிழங்கு என்று ஏதாவது ஒன்றை நிரப்பி, "சும்மாதாம்மா, நீ சாப்பிடு" என்று வைத்துவிட்டு வந்தோம். அடுப்படி நிறைந்து கூடத்துக்கு வந்தது. கூடம் நிறைந்து சன்னலை மறைத்தது. நயினார் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, இரண்டு போணிகளுக்கு நடுவில் கால்நீட்டிப் படுத்தார்.

அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம் அவர் கண்விழித்தபோது, புஷ்பம் கொல்லையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு ஏனங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கியவை வெயிலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"எல்லாருக்கும் குடுத்துரப் போறேன்."

"குடு. நாளைக்கு அதிரசத்துக்குச் சொல்லிருவமா?"

"வெறுமனே குடுக்கப் போறேன்."

நயினார் எழுந்து உட்கார்ந்தார். "பைத்தியமா ஒனக்கு? அப்புறம் அவுக மூஞ்சியில முழிக்க முடியுமா? கெடையில கெடந்தப்ப யாரு சோறு போட்டா?"

"அவுகதான் போட்டாக. எதையாவது போட்டுக் குடுத்தா, அவுகளும் பதிலுக்குப் போட்டுக் குடுப்பாக. நானும் குடுப்பேன். அவுகளும் குடுப்பாக. இது எப்பங்க முடியும்?"

"எதுக்கு முடியணும்? நாலு பேருகூட இருக்கது ஒனக்குக் கசக்கா?"

"கசக்கலைங்க" என்றாள் புஷ்பம். "ஒருநாளைக்கு ஒருமணி நேரம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம இருக்கணும். ஒங்களுக்கும் தெரியக் கூடாது. அம்புட்டுதான்."

நயினார் ஒரு போணியை எடுத்து அவளருகே தேய்க்க வைத்துவிட்டுப் புக்கிங் ஆபீசுக்குப் போய்விட்டார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவு.

வெயில் தாழ்ந்ததும் புஷ்பம் வீடு வீடாக ஏறினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். தூக்குச்சட்டியை நீட்டினாள். வாங்கி, வழக்கப்படி மூடியைத் திறந்தோம். உள்ளே ஒரு சீனித்துணுக்குகூட இல்லை. அடிவரைக்கும் சுத்தமாக விளக்கியிருந்தாள். அவள் ஒரு விளக்கமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, எங்கள் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மேலவீட்டு மருமகள் அழுதாள். பரீட்சை எழுதும் பையனின் அம்மா ஏனத்தை வாங்கி அவள் கண்முன்னாலேயே திண்டில் ணங்கென்று வைத்தாள். செல்லப்பாண்டி அண்ணாச்சி, "நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குமட்டும் அவள் தலைகுனிந்தாள். எங்களுக்குக் கோபமென்றால் கோபம், அப்படியொரு கோபம். கால் வந்ததும் ஆளை மறந்துவிட்டாள் பார் என்று பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியது நியாயம்தான் என்று இன்றைக்கும் எங்களில் பாதிப்பேர் சொல்வார்கள்.

அமிர்தக்கனி மட்டும் வாங்கவில்லை. புஷ்பம் படியேறுவதைப் பார்த்ததும், பகலில் ஒருநாளும் சாத்தாத கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஷூச் சத்தம் கேட்டது. கைப்பழக்கத்தில் போய்ப் பால்சட்டிகளைப் பிடித்தோம். பால் அசையவில்லை. வாசலுக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் இருந்தது, தெரு இருந்த இடத்தில் இருந்தது. புஷ்பம் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் அவள் போவதை எங்களால் பார்க்க முடியவில்லை. வரிசையிலிருந்து அமிர்தக்கனியின் வீடு மட்டும் கழன்று, கொடியும் பாவாடையும் ஆட, கன்றுக்குட்டிபோல அவள் பின்னாலேயே குலுங்கிக் குலுங்கி ஓடி, அவளை முழுக்க மறைத்துக்கொண்டது.

அதற்குமேல் நடந்தது அமிர்தக்கனி பிறகு சொன்னதுதான்.

பாலத்துக் கட்டையில் புஷ்பம் உட்கார்ந்தாள். எதிரே தன் வாசற்படியில் அமிர்தக்கனி உட்கார்ந்தாள். இரண்டுபேர் முழங்காலும் இடிக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. சுற்றிலும் வேறு வீடு இல்லை.

"என் ஏனத்த நான் கேட்டனா ஒங்கிட்ட?" என்றாள் அமிர்தக்கனி.

"நீங்க கேக்கல மதினி."

"ஒன் பீ மோத்திரம் அள்ளுனவ நான். அதுக்குக் கூலியா கேட்டேன்? ஒரு கை சீனி போட்டுக் குடுக்கக்கூட ஒனக்கு மனசு வரலையே."

புஷ்பம் முழங்காலைத் தடவிக்கொண்டாள். தகடு வைத்த இடம் காலைக் குளிரில் விண்விண் என்று தெறித்தது. "நீங்களே சொல்லுங்க மதினி, எதப் போடட்டும்? நீங்க செஞ்சதுக்கு அந்தத் தூக்குச்சட்டியில எதப் போட்டா சரியா இருக்கும்? சீனி சரியா இருக்குமா? முறுக்கு சரியா இருக்குமா? மத்தவுகளுக்காவது எதையாவது போட்டிருக்கலாம். ஒங்களுக்கு எதப் போடன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், அப்படி ஒரு சாமான் இல்ல. அதனாலதான் வெறுமனே தாரேன்."

அமிர்தக்கனி காட்டைப் பார்த்தாள். பிறகு, "இங்க என்னதான் இருக்குன்னு இம்புட்டுத் தூரம் ஓடியாற? வெறுங்காடு" என்றாள்.

"ஒண்ணும் இல்ல மதினி. அதுக்குத்தான் வாரேன்."

"அன்னைக்கு இந்த ரோட்டுலதான கெடந்த?" என்றாள் அமிர்தக்கனி. "கேக்க நாதியில்லாம, நாய் கெடக்க மாதிரி. நான் அந்நேரம் எதுத்த வீட்டுல இட்லி அவிச்சுக்கிட்டிருக்கேன். நாங்கூட இருந்திருந்தா அப்பமே தூக்கியிருப்பம்லா? இனி நீ விழுந்தா யாருக்குடி தெரியும்?"

புஷ்பம் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "விழுந்தா கெடக்கேன் மதினி. யாராவது பால்வண்டிக்காரர் வருவாரு. வராட்டி ஊந்து வாரேன். ஆனா நான்தான் வரணும்."

வெயில் ஏறும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அடுப்பில் எதுவும் இல்லை, அன்றைக்கு அமிர்தக்கனி அடுப்பே பற்றவைக்கவில்லை. கடைசியில் எழுந்து சேலையை உதறினாள்.

"மொதல்ல என்னக் கொண்டுபோயித் தெருவுல விடு. இந்தக் காட்டுல ஒத்த வீட்டுல நான் எப்படிக் கெடப்பேன்? அங்க வச்சு வாங்கிக்கிடுதேன்."

திரும்பி வரும்போது புஷ்பம் மிக மெதுவாக ஓடினாளாம். மேட்டில் வேகம் குறைத்து, பள்ளத்தைச் சுற்றி, ஒரு தட்டுகூட விழாதபடி அந்த வீட்டைக் கொண்டுவந்து வரிசையில் அதன் இடத்தில் சேர்த்ததை நாங்களே பார்த்தோம். தன் வீட்டுக்குள் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துவந்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். அமிர்தக்கனி வாங்கி மூடியைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"நல்லா வெளக்கியிருக்க" என்றாள் அமிர்தக்கனி. மூடியை மூடிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தநாள் காலை ஷூச் சத்தம் கேட்டபோது யாரும் அடுப்படிக்குப் போகவில்லை. எல்லோரும் வாசலில் வந்து நின்றோம். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. தங்கபுஷ்பம் எங்கள் நடுவே ஓடினாள். அமிர்தக்கனி வீட்டைத் தாண்டினாள், புக்கிங் ஆபீஸைத் தாண்டினாள், டீக்கடையைத் தாண்டினாள். தண்ணீர்த் தொட்டியடியில் ஒருகணம் தயங்கி, திரும்பிப் பார்க்கப் போகிறவள்போல் தலையை அசைத்துவிட்டு, திரும்பாமலே போனாள். இத்தனை மாதம் அவளோடு ஓடியிருக்கிறோம், அவள் முகம் தெரியும், வேர்வை தெரியும், எந்த மூச்சில் முழங்கால் வலிக்கிறது என்பதுகூடத் தெரியும். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் முதுகைப் பார்த்தோம். இடதுகாலை இழுத்து இழுத்து ஓடும் அந்த முதுகு சிறுத்துக்கொண்டே போய், சாலை வளைகிற இடத்தில் இல்லாமல் போனது.

"இந்நேரம் எங்க போயிருப்பா?" என்று செல்லப்பாண்டி அண்ணாச்சி கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் எங்களுக்கு ஓடத் தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம், சட்டியைப் பிடிக்க ஆளில்லாமல் வீட்டுக்கு வீடு பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.